கோப்பை வென்ற மூன்றாம் நாள் தரமிறங்கிய அணி: 2012–13 எஃப்.ஏ. கோப்பை

[திரையில்: வெம்ப்ளி மைதானத்தின் வான்வழிக் காட்சி]

2013 மே 11, சனிக்கிழமை மாலை. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 86,254 பேர். இங்கிலாந்துக் கால்பந்து அணிகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் விகன் அத்லெட்டிக், மான்செஸ்டர் சிட்டியை 1–0 என்று வீழ்த்துகிறது. 1932-இல் தொடங்கப்பட்ட விகனுக்கு இதுதான் முதல் பெரிய கோப்பை.

மே 14, செவ்வாய்க்கிழமை இரவு. அதே விகன் அதே லண்டனில் ஆர்சனலிடம் 4–1 என்று தோற்று, நாட்டின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டாம் நிலை லீக்குக்கு இறக்கப்படுகிறது.

வணக்கம். எஃப்.ஏ. கோப்பை 1871-இல் தொடங்கியது. கால்பந்து உலகின் மிகப் பழைய போட்டி அதுதான். இறுதி ஆட்டத்தில் தோற்று, அதே சீசனில் தரமும் இறங்கிய அணிகள் அதற்கு முன் பல உண்டு. 1926-இல் மான்செஸ்டர் சிட்டி, 1969-இல் லெஸ்டர் சிட்டி, 1983-இல் பிரைட்டன், 1997-இல் மிடில்ஸ்பரோ, 2010-இல் போர்ட்ஸ்மவுத். ஆனால் கோப்பையை வென்றுவிட்டுத் தரமிறங்கிய முதல் அணி விகன்தான். இது எப்படி நடந்தது? பலரும் இதை அதிசயம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் போட்டி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால், இதில் அதிசயத்தின் பங்கு குறைவு என்பது புரியும்.

[திரையில்: போட்டிச் சுற்றுகளின் வரைபடம்]

அந்த ஆண்டு 758 அணிகள் கலந்துகொண்டன. ஆகஸ்ட் மாதத்திலேயே, சில நூறு பேர் மட்டும் வேடிக்கை பார்க்கும் ஊர்த் திடல்களில் போட்டி தொடங்கிவிடும். மேல்மட்டத்தில் இருக்கும் 44 அணிகள், அதாவது பிரீமியர் லீக்கின் 20 அணிகளும் அடுத்த நிலையின் 24 அணிகளும், ஜனவரியில் மூன்றாம் சுற்றில்தான் உள்ளே வரும். கீழிருந்து பிழைத்து வந்த 20 அணிகளைச் சேர்த்தால் மொத்தம் 64. அங்கிருந்து கோப்பைக்கு ஆறு சுற்றுகள்.

யார் யாருடன் மோதுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. பெரிய அணிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு கிடையாது. எண் எழுதிய பந்துகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இணையில் முதலில் வரும் எண்ணுக்குரிய அணி சொந்த மைதானத்தில் ஆடும். அவ்வளவுதான் விதி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் வெல்ல ஐம்பது சதவீத வாய்ப்புள்ள சாதாரண அணி ஒன்று ஆறு சுற்றையும் தாண்ட 64-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. சரி, எண்பது சதவீத வாய்ப்புள்ள பலமான அணி? அதற்கும் நான்கில் ஒரு வாய்ப்பை விடச் சற்றுத்தான் அதிகம். ஆகவே மிகச் சிறந்த அணிகூடப் பெரும்பாலான ஆண்டுகளில் இந்தக் கோப்பையை வெல்லாது. 38 ஆட்டங்கள் கொண்ட லீக்கில் ஒரு மோசமான சனிக்கிழமையை அடுத்த சனிக்கிழமை ஈடுகட்டலாம். இங்கே அதற்கு வழியில்லை.

[திரையில்: வரைபடத்தில் லூட்டன், நாரிச்]

அந்த சீசனில் இது பல இடங்களில் நிரூபணமானது. ஜனவரி 26 அன்று ஐந்தாம் நிலையில் இருந்த லூட்டன் டவுன், பிரீமியர் லீக் அணியான நாரிச் சிட்டியை அதன் சொந்த மைதானத்திலேயே 1–0 என்று வென்றது. 80-ஆவது நிமிடத்தில் கோல் அடித்தவர் ஸ்காட் ரெண்டல். முதல் நான்கு நிலைகளைக் கொண்ட லீக் அமைப்புக்கு வெளியே இருக்கும் ஓர் அணி முதல் நிலை அணியை வீழ்த்தியது 1989-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 1989-இல் சட்டன் யுனைடெட் கவன்ட்ரியை வென்றிருந்தது. லூட்டன் வென்ற மறுநாளே மூன்றாம் நிலையில் இருந்த ஓல்டம் அத்லெட்டிக், லிவர்பூலை 3–2 என்று வெளியேற்றியது. அதே நாளில் டோட்டன்ஹாமும் லீட்ஸிடம் தோற்றது.

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அதற்கும் முன்னால், டிசம்பர் 2 அன்று இரண்டாம் சுற்றில் நடந்தது. 1988-இல் இதே கோப்பையை வென்ற விம்பிள்டன் அணியை, அதன் உரிமையாளர்கள் 2003-இல் பல மைல் தள்ளியிருந்த மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டு பெயரும் எம்.கே. டான்ஸ் என்று மாறியது. கொதித்துப்போன ரசிகர்கள் 2002-லேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொந்தமாக ஓர் அணியைத் தொடங்கி, அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தார்கள். இந்த இரண்டு அணிகளையும் முதன்முறையாக நேருக்கு நேர் நிறுத்தியது குலுக்கல். எம்.கே. டான்ஸ் 2–1 என்று வென்றது. கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் ஜான் ஒட்செமோபோர் குதிகாலால் தட்டிய பந்துதான் முடிவைத் தீர்மானித்தது. எந்த லீக் அட்டவணையும் இப்படி ஒரு பகையை இப்படி ஒரு மேடையில் ஏற்றியிருக்காது.

[திரையில்: விகன் கடந்து வந்த பாதை]

இனி விகன். மூன்றாம் சுற்றில் மூன்றாம் நிலை அணியான போர்ன்மவுத்துடன் சொந்த மைதானத்தில் 1–1 என்று டிரா. அப்போது மறு ஆட்டம் என்ற ஏற்பாடு இருந்தது. போர்ன்மவுத்துக்குப் போய் 1–0 என்று தப்பித்தார்கள். 2024–25 முதல் பிரதான சுற்றுகளில் மறு ஆட்டம் கிடையாது என்பதால், இன்றைய விதிப்படி அந்த ஜனவரி நாளிலேயே பெனால்டி வரை போயிருக்கலாம். நான்காம் சுற்றில் ஐந்தாம் நிலை மாக்கிள்ஸ்ஃபீல்டை ஒரு பெனால்டி கோலால் வென்றார்கள். பிறகு ஹடர்ஸ்ஃபீல்டை 4–1. காலிறுதியில் எவர்ட்டனை அதன் மைதானத்திலேயே 3–0. மூன்று கோல்களும் நான்கே நிமிட இடைவெளிக்குள் விழுந்தன. அரையிறுதியில் இரண்டாம் நிலை அணியான மில்வாலை 2–0.

இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். இறுதி ஆட்டம் வரை விகன் சந்தித்த பிரீமியர் லீக் அணி எவர்ட்டன் ஒன்றுதான். குலுக்கல் கைகொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் ராபர்ட்டோ மார்ட்டினஸ் லீக்கில் அதிகம் ஆடாதவர்களுக்குக் கோப்பை ஆட்டங்களில் வாய்ப்புக் கொடுத்தார். இளம் கோல்கீப்பர் ஜோயல் ரோப்லெஸும், பக்கவாட்டில் பாய்ந்து ஆடும் கலம் மெக்மனமனும் அப்படி வளர்ந்தவர்கள். மார்ட்டினஸே 1995-இல் ஸ்பெயினிலிருந்து விகனுக்கு ஆட வந்த மூன்று இளைஞர்களில் ஒருவர். அப்போது அணி இருந்தது நான்காம் நிலையில்.

அவரை வரவழைத்த உரிமையாளர் டேவ் வீலனின் கதை தனி. 1960 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் பிளாக்பர்ன் அணிக்காக அவர் ஆடினார். முதல் பாதியிலேயே கால் முறிந்தது. மாற்று வீரரை இறக்க அன்று அனுமதியில்லை. பத்துப் பேருடன் ஆடிய பிளாக்பர்ன் 3–0 என்று தோற்றது. 53 ஆண்டுகள் கழித்து அதே வெம்ப்ளியில் தன் அணியைத் தானே முன்நின்று களத்துக்கு அழைத்து வந்தார்.

[திரையில்: இறுதி ஆட்டத்தின் அணி வரிசைகள்]

எதிரே முந்தைய ஆண்டின் லீக் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டி. அதன் பயிற்சியாளர் ராபர்ட்டோ மான்சினியை நீக்கப்போகிறார்கள் என்ற செய்தி அன்று காலையே பரவியிருந்தது. அந்தக் குழப்பம் ஆட்டத்தில் தெரிந்தது. ஆனால் அதையே முழுக் காரணமாக்குவது விகனுக்குச் செய்யும் அநியாயம். தற்காப்புக்குப் பதுங்காமல் பந்தைத் தங்கள் காலில் வைத்து ஆடினார்கள். மெக்மனமன் தன் பக்கத்தில் சிட்டியின் கேல் கிளிஷியைத் திணறடித்தார்; ஆட்ட நாயகனும் அவரே. 84-ஆவது நிமிடத்தில் அவரைத் தடுக்கப் போய் பாப்லோ சபலேட்டா இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்று வெளியேறினார்.

அதற்கு மூன்று நிமிடம் முன்பு மார்ட்டினஸ் மாற்று வீரராகப் பென் வாட்சனை இறக்கியிருந்தார். நவம்பரில் லிவர்பூலுடனான ஆட்டத்தில் கால் முறிந்து, சீசனின் கடைசிக் கட்டத்தில்தான் திரும்பியவர் வாட்சன். 91-ஆவது நிமிடம். ஷான் மலோனி கார்னர் அடிக்கிறார். அருகிலிருக்கும் கம்பத்தை நோக்கி ஓடிவந்த வாட்சன் தலையால் பந்தைத் திருப்பிவிட, அது கோல்கீப்பர் ஜோ ஹார்ட்டைத் தாண்டி வலைக்குள் போகிறது.

மே 13 அன்று மான்சினி நீக்கப்பட்டார். சிட்டியை லீக் சாம்பியனாக்கிச் சரியாக ஓர் ஆண்டு ஆகியிருந்தது. மறுநாள் விகனின் முறை. இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு ஸ்வான்சியிடம் சொந்த மைதானத்தில் 3–2 என்று தோற்றிருந்ததால், ஆர்சனலிடம் தோற்கக் கூடாது என்ற நிலை. பாதி ஆட்டம் வரை 1–1. பிறகு மூன்று கோல்கள் வாங்கினார்கள். சீசன் முடிவில் 38 ஆட்டங்களில் ஒன்பது வெற்றி, 36 புள்ளிகள், பதினெட்டாம் இடம், எதிரணிகள் அடித்த கோல்கள் 73. சிட்டிக்கு 78 புள்ளிகளுடன் இரண்டாம் இடம்.

73 கோல் வாங்கிய அணி தரமிறங்கியதில் அநியாயம் எதுவும் இல்லை. மே 11 அன்று சிட்டியை விட நன்றாக ஆடியதும் அதே அணிதான். லீக் ஒன்பது மாதங்களை அளக்கிறது; கோப்பை ஒரு மாலையை மட்டும் அளக்கிறது. இரண்டு அளவுகோல்களும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் நமக்கு இது அதிசயமாகத் தெரிகிறது.

[திரையில்: 2014, 2018]

சிட்டி ரசிகர்களுக்கு ஒரு பின்குறிப்பு. மறு ஆண்டு இரண்டாம் நிலையில் ஆடிய விகன், கோப்பைக் காலிறுதியில் சிட்டியை அதன் சொந்த மைதானத்திலேயே 2–1 என்று வெளியேற்றியது. 2018 பிப்ரவரியில் விகன் இருந்தது மூன்றாம் நிலையில். வில் கிரிக் அடித்த ஒரே கோலால் மீண்டும் சிட்டி வெளியே. அந்த சீசனில் சிட்டி 100 புள்ளிகளுடன் லீக் சாம்பியன்.