நீல் சிலை அகன்றது, மன்றோ சிலை நிற்கிறது: ஏன் இந்த வேறுபாடு?

வணக்கம். "மன்றோ, நீல் இருவருமே வெள்ளைக்கார அதிகாரிகள்தாமே? சென்னையில் ஒருவர் சிலையை அகற்றிவிட்டு மற்றவர் சிலையை மட்டும் விட்டுவைத்தது ஏன்? அதையும் அகற்ற வேண்டாமா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். மிகவும் நியாயமான கேள்வி.

நீலிடமிருந்து தொடங்குகிறேன். ஜேம்ஸ் நீல், மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படைப்பிரிவின் தளபதி. 1857இல் வடக்கே எழுச்சி மூண்டபோது அந்தப் படையோடு சென்று, அலகாபாத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் முறையான விசாரணை இல்லாமலே மக்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கிலிட்டவர். கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்த வீட்டின் தரையில் உறைந்த இரத்தத்தைக் கைதிகள் நாவால் துடைத்த பிறகே அவர்களைத் தூக்கில் போடவேண்டும் என்று ஆணையிட்டவரும் அவரே. அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் கொல்லப்பட்டார். அவரை மாவீரராகப் போற்றித்தான் மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சாலையில் போய்வந்த நம் மக்களில் பலருக்கு அது யாரோ ஒரு துரையின் சிலையாகவே இருந்திருக்கும். வடக்கே அவர் செய்தது இங்கே பேசப்படத் தொடங்கிய பின்னர்தான், வெறும் துரையாக நின்றவர் கொலைகாரராகத் தெரிந்தார். 1927இல் திருநெல்வேலி சோமயாஜுலு தலைமையில் தென்மாவட்டத் தொண்டர்கள் சென்னைக்கு வந்து, கோடரியும் சுத்தியலும் கொண்டு சிலையை உடைக்க முயன்று, அணியணியாகக் கைதாகிச் சிறை சென்றார்கள். அப்போது 24 வயதினரான காமராசருக்கும் அந்தப் போராட்டத்தில் பங்கு உண்டு. காந்தியடிகள் போராட்டத்தை ஆதரித்தார். ஆனால் அகிம்சை வழியிலிருந்து விலகக் கூடாது என்று வற்புறுத்தினார். சிலையை உடைப்பது அகிம்சையாகுமா என்ற கேள்வி அன்றே எழுந்தது, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தாங்கள் செய்வதை ஒளிக்காமல், தண்டனையைத் தாங்களே ஏற்ற அந்த இளைஞர்களின் துணிவை நான் வணங்குகிறேன். போராட்டம் சில மாதங்களில் ஓய்ந்தாலும் கோரிக்கை ஓயவில்லை. 1937இல் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அரசு அமைந்ததும் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சாலையில் நின்றவரை அரசே பெருமைப்படுத்துகிறது என்று பொருள். அருங்காட்சியகத்தில் இருப்பவரோ நாம் நின்று ஆராய வேண்டிய ஒரு சான்று மட்டுமே.

இனி தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்து, இன்றைய ஆந்திரத்தில் உள்ள பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தவர். இடைத்தரகரான ஜமீன்தாரை விலக்கி, நிலத்தை உழும் குடியானவரோடு அரசு நேரடியாக வரி பேசிக்கொள்ளும் இரயத்துவாரி முறையோடு அவர் பெயர் பிணைந்திருக்கிறது. இராயலசீமைப் பகுதியில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கமே இருந்தது. இந்தியர்கள் உயர்பதவிகளுக்கு வரவேண்டும் என்று எழுதியவர் அவர். எனவே நீலின் மீது எழுந்த சினம் அவர்மீது எழாததில் வியப்பில்லை.

இன்று அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலோர் சொல்வது, சேணமும், ஏறுபவர் கால் வைக்கும் வளையமான அங்கவடியும் இல்லாத குதிரையைப் பற்றித்தான். சிற்பி மறந்துவிட்டாராம், அந்த வருத்தத்தில் உயிரை மாய்த்துக்கொண்டாராம். அது வெறும் கதை. சிற்பி சான்ட்ரி, இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையையும் அங்கவடி இல்லாமலே படைத்திருக்கிறார். மறதி ஒரே மாதிரி இருமுறை வராது. 1839இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையைப் பற்றிய பேச்சில் ஆளுநர் மறைந்து குதிரை மட்டும் எஞ்சியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் அவருடைய நன்மையும் தீமையும் சேர்ந்தே மறந்துபோகின்றன. ஹைதர் அலியையும் திப்பு சுல்தானையும் எதிர்த்துக் கும்பினிக்காகப் போரிட்டவரும் அவர்தாம். இரயத்துவாரி முறையில் இடைத்தரகர் போனாலும் வரிச்சுமை போகவில்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் அது குடியானவரை நசுக்கியது.

ஆகவே அகற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. நீலைச் சாலையில் வைத்திருக்க எந்த நியாயமும் இல்லை. மன்றோ விவாதத்துக்கு உரியவர். அவருடைய பீடத்தின் அருகே, இராயலசீமைக் குடியானவர்கள் அவரை ஏன் போற்றினார்கள், இரயத்துவாரி வரி அடுத்த தலைமுறைகளை எப்படி வாட்டியது என்ற இரண்டையும் சொல்லும் தமிழ்ப் பலகை ஒன்று, பேருந்தில் போகிறவரும் படிக்கும் அளவு பெரிய எழுத்தில் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.