தூரிகை தொடாத ஓவியம்

நண்பர்களே, வணக்கம். இன்று ஒரே ஒரு ஓவியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சுவிட்சர்லாந்துக்காரர் எச். ஆர். கீகர் 1976-இல் வரைந்த 'நெக்ரோனோம் 4'.

பக்கவாட்டில் ஓர் உருவம். மண்டை பின்னோக்கி நீண்டுகொண்டே போகிறது. கண்ணிருக்கும் இடத்தில் பூச்சிக்கு இருப்பதுபோல் பெரிய கறுப்புக் கண். முதுகிலிருந்து குழாய்கள் கிளம்புகின்றன. எலும்பு எங்கே முடிகிறது, இயந்திரம் எங்கே தொடங்குகிறது என்று தேடினால் எல்லைக்கோடே கிடைக்காது.

கிடைக்காததற்குக் காரணம், அவர் எடுத்த கருவி: ஏர்பிரஷ். அது பேனா அளவுதான் இருக்கும். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று பெயிண்டைப் பொடிப்பொடித் துளியாக்கி ஊதும். விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். கிட்டே பிடித்தால் மெல்லிய கோடு, தள்ளிப் பிடித்தால் பனிமூட்டம். கருவி தாளைத் தொடுவதே இல்லை. தூரிகைத் தடம் இல்லாததால், இதை ஒருவர் உட்கார்ந்து வரைந்தார் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. கனவில் வருவதுபோல் அது தானாக வந்து நிற்கிறது. விளம்பரப் படங்களின் பளபளப்புக்குப் பயன்பட்ட கருவி இது. கீகரோ பல சமயம் முன்வரைவு இல்லாமல் நேரே தாளில் ஊதினார். உள்மனத்துக்குக் கடிவாளம் போடாதே என்று, கனவையும் உள்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகள் கேட்டார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்பேன்.

சரி, அந்த உள்மனத்தில் என்ன இருந்தது? பயம். 1940-இல் கூர் என்ற ஊரில் பிறந்தவர், அப்பா மருந்துக்கடைக்காரர். சின்ன வயதில் அப்பா மூலமாக ஒரு மண்டையோடு கைக்கு வர, அதில் கயிறு கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போனாராம். ஊர் அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மியைக் கண்டு நடுங்கியவர், அதைப் பார்க்கவே திரும்பத் திரும்பப் போனாராம். வளர்ந்த பிறகும் கெட்ட கனவுகள் விடவில்லை. வரைந்தால் அவை அடங்கின என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த ஓவியத்தைப் புத்தகத்தில் பார்த்துத்தான் திரைப்பட இயக்குநர் ரிட்லி ஸ்காட் அவரை அழைத்தார். 1979-இல் 'ஏலியன்' படம் வந்தது. அதில் வரும் வேற்றுக்கிரக உயிர் இந்த ஓவியத்திலிருந்து பிறந்ததுதான். மறு ஆண்டு காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர், குழுவோடு கீகருக்கும் கிடைத்தது. படத்தில் அந்த உயிருக்குக் கண் கிடையாது. அது இன்னும் பயங்கரம்தான். ஆனாலும் எனக்குக் கண்ணோடு இருக்கும் ஓவியம்தான் பிடிக்கும். அதில் கொடூரத்தோடு ஒரு தனிமையும் தெரிகிறது.

இப்போது விளக்கை அணைக்கச் சொல்கிறேன். படம் திரையில் வரும். முகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த மண்டையின் வளைவில் வெளிச்சம் எப்படி மெல்ல மெல்ல இருட்டாகிறது என்று மட்டும் பாருங்கள்.