வெள்ளிக்கிழமை ராத்திரி எந்த ஊர்?

வணக்கம் நேயர்களே. எங்கள் வீட்டில் வெகுநாளாக ஒரே ஒரு சாம்பார் பொடி டப்பாதான் ஆட்சி செய்தது. கத்தரிக்காயோ கருணைக்கிழங்கோ, எதை வைத்தாலும் அதே வாசம், "இன்னைக்கும் இதானா?" என்று பையன் கேட்டதில் தப்பே இல்லை. சரி, வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டுமாவது ஊர் மாற்றிச் சமைப்போம் என்று ஆரம்பித்தேன்.

முதலில் கோயம்புத்தூர்ப் பக்கத்து அரிசியும் பருப்பும். பேரைக் கேட்டதும் வீட்டுக்காரர் "பொங்கல்தானே" என்றார். பொங்கல் இல்லை. துவரம்பருப்பு, கை நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகு, சீரகம், எல்லாம் ஒரே குக்கரில். சுடச்சுடப் போட்டு மேலே நெய், பக்கத்தில் தயிரும் அப்பளமும். வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான சாப்பாடு எனக்குத் தெரியாது.

அடுத்து திருநெல்வேலிச் சொதி. மறுவீட்டு விருந்தில் வைப்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பேர். தேங்காயை அரைத்து மூன்று தடவை பால் எடுத்து, இரண்டாம் மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளை, கேரட், பீன்ஸை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பையும் சேர்த்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். நான் ஊற்றிவிட்டு, போன் அடிக்கிறதே என்று போய்விட்டேன். வந்து பார்த்தால் கொதித்துத் திரிந்து கிடக்கிறது! நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், எலுமிச்சம்பழம் பிழிவதும் அப்புறம்தான். கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம், தேங்காய்ப்பாலின் கனத்துக்கு அதுதான் மருந்து, அது இல்லாமல் பரிமாறினால் நெல்லைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இலங்கையிலும் சொதி உண்டு, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வது, அது வேறு வகை.

மூன்றாவது வாரம் இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அரைத்த தேங்காயும் கசகசாவும் சோம்பும், காரத்துக்குப் பச்சை மிளகாய். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது, மூன்று வாரமும் அந்த டப்பாவை நான் திறக்கவே இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் ஊர், தர்மபுரி. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். களி என்றதும் பையன் முகத்தைச் சுளிக்கிறான். கிண்டுவதற்கு மாமியார் ஊரிலிருந்து ஒரு துடுப்பு கொடுத்தனுப்பியிருக்கிறார், அதை வைக்க எங்கள் சமையலறையில் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.