அசைபோடுவம், நடுவர் அவர்களே!

நடுவருக்கும் திருகோணமலைச் சபைக்கும் வணக்கம். சின்ன வயதில் வாசித்த நாவலை மறுபடி வாசிப்பது இன்பமா, ஏமாற்றமா? இன்பமே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் என்ன சொன்னவர்? "பத்து வயதில வாசிச்ச 'லிட்டில் விமன்' நாவலை நாப்பதில திருப்பி வாசிக்கிறது மாடு அசைபோடுற வேலை." நீங்களும் கைதட்டினீங்கள். மாடு மட்டுமோ ஐயா? பிரெட்ரிக் கோட்டைக்குள்ள, கோணேசரிட்டப் போறவையின்ர பழப்பையைப் பாத்துக்கொண்டு நிக்குதே மான், அதுவும் அசைபோடுற சாதிதான்! மானைப் பழிச்சுப்போட்டு இந்த ஊரில தேர்தல் கேக்கேலுமோ? ஏன் அசைபோடுது? முதல்தரம் சரியா மெல்லாமல் விழுங்கின புல், இரைப்பையின்ர முதல் அறையில ஊறும். மேல எடுத்து மென்றாத்தான் உடம்பில ஒட்டும். பத்து வயதில நாங்களும் விழுங்கின ஆக்கள்தானே!

அந்த நாவலின்ர 8ஆம் அதிகாரத்தை எடுங்கோ. நாலு அக்கா தங்கச்சிமார், தகப்பன் அமெரிக்க உள்நாட்டு யுத்தகளத்தில. மெக் நடிப்பாள், ஜோ எழுதுவாள், பெத் பியானோ வாசிப்பாள், கடைக்குட்டி ஏமி படம் கீறுவாள். மூத்த ரெண்டும் நாடகம் பாக்கப் போகுதுகள், ஏமியைக் கூட்டிப்போகேல்ல. அந்தக் கோவத்தில ஏமி போட, ஜோவின்ர கதைக் கொப்பி நெருப்பில! பல வருச உழைப்பு. பத்து வயதில எல்லாரும் ஏமியைத் திட்டினம்.

இப்ப மெல்லுங்கோ. கொப்பி எரிஞ்சா கதை ஏன் அழியவேணும், முதற்பிரதி எங்க? வடிவாப் பாத்தெழுதின கையோட பழையதை அழிச்சவள் ஜோதான்! முன்வரிசைக் கவிஞர்மாரே, இண்டைக்கே ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கோ.

இன்னும் மெல்லுங்கோ. உறைஞ்ச ஆத்தில சறுக்கப் போகினம். "நடுவில ஆபத்து, கரையோட வா" எண்டு பக்கத்து வீட்டு லோரி கத்துறான். ஜோவுக்குக் கேட்டது. பின்னால வந்த ஏமிக்குக் கேக்கேல்ல. கேட்டால் என்ன, கேக்காட்டி என்ன எண்டு ஜோ விட்டிட்டாள். வாய் திறந்தாளோ? ஐஸ் உடைஞ்சு ஏமி தண்ணிக்குள்ள! வேலிக் கட்டையைப் பிடுங்கித்தான் அவளை வெளியில எடுத்தவை. கொப்பி எரிச்சது குற்றம், அப்ப இது?

"எனக்குச் சப்பெண்டு இருந்தது" எண்டார் எதிரணித் தங்கச்சி. சுருக்கப் பதிப்பு வாசிச்சிருப்பீங்கள் அம்மா. 1868இலும் 1869இலும் ரெண்டு பாகமா வந்த நாவல், மொத்தம் 47 அதிகாரம். எண்ணிப் பாத்து வாங்குங்கோ. சுருக்கிறவர் ஐஸ் உடையிறதை வெட்டமாட்டார், அதுக்குப் பிறகு தாய் பேசுறதைத்தான் வெட்டுவார்.

அந்தத் தாய் என்ன சொல்லுறா? ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் தனக்குக் கோவம் வருதாம். நாப்பது வருசம் பாடுபட்டும் அதை அடக்கத்தான் முடிஞ்சுதாம்.

மணி அடிக்கட்டும், நடுவர் அவர்களே. எங்கட யுத்த காலத்தில, தகப்பன் பக்கத்தில இல்லாமல், நாலு பிள்ளையின்ர சண்டையை விலக்கிவிட்டுச் சோறு போட்ட அம்மாமார் இந்தச் சபையிலயே இருக்கினம். "எனக்கும் கோவம் வந்தது பிள்ளை" எண்டு ஒருநாள் சொல்லியிருப்பினமோ? நாங்கள் கேட்டமோ? இண்டைக்கு வீட்ட போய் அம்மாவுக்குப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கத்தை உரத்து வாசியுங்கோ.