லயத்து வாசலில் ஓடும் பாதை

தோட்டத் தலைவர்மாரே, பிரதேச சபை உறுப்பினர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், பல டிவிசன்களில் (தோட்டப் பிரிவுகளில்), தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் சமதரை என்று இருப்பது பாதை ஒன்றுதான். பிள்ளைகள் பந்தடிப்பதும் அங்கேதான், கொழுந்து லொறி இறங்குவதும் அங்கேதான். "ரோட்டுல விளையாடாதே" என்று அதட்டினால் பிள்ளை வேறு எங்கே போகும்? மாற வேண்டியது பாதை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் 1960களின் கடைசியில் இதைச் செய்யத் தொடங்கினார்கள். வீடுகளுக்கு இடையிலான தெருவில் நடப்பவருக்கே முதலுரிமை, வண்டி நடைவேகத்தில் போக வேண்டும். 1976இல் அது சட்டமாகவும் ஆனது. நம் பாதைக்கும் அது பொருந்தும், ஆனால் நம்முடையது மலை.

மழையில் நனைந்த பாதை, பத்தடிக்கு ஓரடி இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வண்டி, ஓட்டுநர் ஒரு நொடியில் பிரேக்கை மிதித்தாலும், நிற்க ஏறக்குறைய 20 மீற்றர் வேண்டும். 50இல் வந்தால் 45 மீற்றருக்கு மேல். பத்துக் காம்பரா (அறை) கொண்ட லயம் ஒன்றின் நீளத்தையே அது தாண்டிவிடும்.

உடனே எல்லோரும் கேட்பது வேகத்தடை. அரையடி உயரத்தில் குறுகலாகக் கட்டிய மேட்டைச் சுற்றிக்கொண்டு முச்சக்கர வண்டி கான் (வடிகால்) ஓரமாக ஒதுங்கும். பிள்ளைகள் நடப்பதும் அந்த ஓரத்தில்தான். சரியான மேடு 3 முதல் 4 அங்குல உயரம், வண்டி போகும் திசையில் 12 அடி நீளம். இரு முனைகளிலும் தண்ணீர் கானுக்குள் இறங்க வழி விட வேண்டும். விடாவிட்டால் தேங்கும் மழைநீர் பாதையின் விளிம்பையே அரித்துவிடும். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றருக்கு மேல் இறங்கும் இடத்தில் மேடே வேண்டாம். இறக்கம் தொடங்குவதற்கு முன்னுள்ள சமதரையிலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

செங்குத்தான இடத்துக்கு ஏற்றது பாதையை ஒடுக்கி வளைப்பது. லொறிக்கு 3 மீற்றர் அகலம் போதும். மண் நிரப்பிய பழைய டயர்களை ஒருமுறை இடது ஓரம், அடுத்த முறை வலது ஓரம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் ஒதுங்க இடங்கள் விடுங்கள், ஓர் ஒதுங்கிடத்திலிருந்து அடுத்த ஒதுங்கிடம் தெரிய வேண்டும். உடனே கொங்கிரீட் ஊற்றிவிடாதீர்கள். இரண்டு கிழமை பாருங்கள்: திரும்பும்போது லொறியின் பின்சில்லு முன்சில்லின் தடத்துக்கு உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்தத் தடம் விழும் இடத்தில் எதையும் கட்டக்கூடாது. மூடுபனிக்கு டயர்களுக்கு வெள்ளை அடியுங்கள்.

ஐந்து வயதுப் பிள்ளையின் கண் ஒரு மீற்றர் உயரத்தில்கூட இருக்காது. வளைவின் உட்புறத் தேயிலையும் வேலியும் அந்த உயரத்துக்கு இருந்தால் பிள்ளைக்கு லொறியும் தெரியாது, ஓட்டுநருக்குப் பிள்ளையும் தெரியாது. அந்த நாலைந்து வரிசையைத் தாழ்த்திக் கவ்வாத்துப் பண்ண நிர்வாகத்திடம் கேளுங்கள், இதற்குச் செலவே இல்லை. பிள்ளைக்காம்பரா (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) வாசலின் இருபுறமும் 10 மீற்றருக்கு எந்த வண்டியும் நிற்கக்கூடாது.

கானை மூடும் பலகை 60க்கு 45 சென்றிமீற்றர், 10 தடிப்பு இருந்தால் ஏறக்குறைய 65 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம். அதைவிடப் பெரிதாக வார்த்தால் யாரும் திறந்து வண்டல் அள்ளமாட்டார்கள், கான் அடைத்துக்கொள்ளும்.

தோட்டப் பாதை எங்கள் பொறுப்பல்ல என்று பிரதேச சபை இனிச் சொல்ல முடியாது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சேவை செய்ய வழி திறந்திருக்கிறது. புதிய தனிவீட்டுத் திட்டங்களில், வீட்டு அத்திவாரத்துக்கு முன்பே பாதையின் அகலத்தையும் வளைவையும் வரைபடத்தில் கேளுங்கள். பழைய லயங்களில் டயர்களை இப்போதே வைத்துப் பாருங்கள், கொங்கிரீட் வேலையை மழை குறைந்த சனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள்.