கேமரா நிற்கும் உயரம்

(காரைக்குடியில் நடந்த ஒரு சமூகக் குறும்பட விழாவின் பரிசளிப்பு நாளில், நடுவர் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, விழாக் குழுவின் நண்பர்களே, படம் எடுத்தவர்களே, படத்தில் வந்தவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

பரிசு பெற்ற படங்களின் பெயர்களை அறிவிப்பது விழாச் செயலாளரின் உரிமை; அதில் நான் கைவைக்கப் போவதில்லை. எதை வைத்து அளந்தோம், ஏன் அப்படி அளந்தோம் என்று சொல்வதற்கே எனக்கு இந்த நேரம் தரப்பட்டிருக்கிறது. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய காலம்தொட்டுப் பேச்சாளர்களைக் கடிகாரத்துக்குக் கட்டுப்படுத்திப் பழகிய ஊர் இது. ஆகவே முகமன் இத்துடன் போதும்.

இந்த வட்டாரத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு புதிதன்று. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ அமைத்து, 1947இல் வெளியான 'நாம் இருவர்' படத்தை அங்கேதான் எடுத்தார். அடுத்த ஆண்டே ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. ஸ்டுடியோ போனாலும் சினிமா நம்மை விடவில்லை. பிற்காலத்தில் அது வீடுகளைத் தேடிக்கொண்டு வந்தது. கானாடுகாத்தானிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பும் வளவும் பர்மாத் தேக்குத் தூண்களும் நாள் வாடகைக்குப் போயின. திரையில் பார்த்தால் நம் பக்கத்து வீடு ஏதோ ஒரு ஜமீன்தாரின் மாளிகையாகவோ, வில்லன் உட்கார்ந்து கட்டளையிடும் இடமாகவோ இருக்கும். அந்த வீட்டை ஆண்டு முழுவதும் கூட்டிப் பெருக்கி, ஓட்டைப் பார்த்து, கரையானை விரட்டி, சாவிக்கொத்தை வைத்துக்கொண்டிருப்பவரோ படப்பிடிப்பு நாளில் 'கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்' என்று ஓரமாக நிறுத்தப்படுவார். இத்தனை படங்கள் எடுத்தும் தூணைப் பார்த்த கேமரா, தூணைத் துடைத்தவரைப் பார்த்தது மிகக் குறைவு.

இந்த விழாவுக்கு வந்த படங்களில் ஒன்று அந்த ஓரத்தில் நிற்பவரைப் பற்றியது. பதினைந்து நிமிடத்துக்கும் குறைவான படம். பங்காளிகள் பல ஊர்களிலும் சில நாடுகளிலும் பிரிந்துபோய், ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் போடாமல், விற்கவும் முடியாமல் செப்பனிடவும் முடியாமல் நிற்கும் ஒரு வீடு. அதைக் காவல் காக்கும் ஒரு முதியவர். காலையில் அவர் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று உள்ளே போகிறார். மாலையில் அதே வரிசையைத் திருப்பி மூடிக்கொண்டு வெளியே வருகிறார். இடையில் அவருடைய மகளின் தொலைபேசி அழைப்பு ஒன்று. கதை அவ்வளவுதான். எடுத்தவர் கல்லூரி மாணவர், கருவி கைபேசி. நடுவர்கள் அந்தப் படத்தை இரண்டாம் முறை போடச் சொல்லிப் பார்த்ததற்குக் காரணம், கேமரா எங்கே நிற்கிறது என்பதுதான். முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை அது அந்தப் பெரியவரின் தோளுயரத்தைத் தாண்டவில்லை. விட்டத்தை அண்ணாந்து வியக்கவுமில்லை. மொட்டை மாடியிலிருந்து அவரை எறும்பாக்கிக் காட்டவுமில்லை.

கேமராவின் உயரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் எந்தத் திரைப்படக் கல்லூரியிலிருந்தும் வந்ததன்று. தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே பஸ்தாபூர் என்ற ஊரில், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பைச் சார்ந்த மகளிர் சங்கங்களின் உறுப்பினர்கள் 1990களின் பிற்பகுதியில் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்த சிறு விவசாயப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. மேலிருந்து கீழே பார்க்கும் கோணத்தை அவர்கள் பட்டேல் ஷாட் என்றார்கள். நிலக்கிழார் பண்ணையாளைப் பார்ப்பது அப்படித்தான். கீழிருந்து மேலே பார்ப்பது அடிமை ஷாட். கண்ணுக்கு நேராக வைப்பது சங்க ஷாட், ஏனென்றால் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே தரையில் உட்காருகிறார்கள். அவர்கள் இதை அலங்காரமாகச் சொல்லவில்லை. அந்தப் பார்வையோடுதான் வாரங்கல் பகுதியில் மரபணு மாற்றிய பி.டி. பருத்தியை விதைத்த விவசாயிகளிடம் பருவம் தோறும் திரும்பத் திரும்பப் போய், விதைத்தவர் கண்ட லாப நட்டத்தை அவர்கள் வாயாலேயே பதிவு செய்தார்கள். அதற்கும் முன்னால், 1984இலேயே, அகமதாபாத்தில் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தின் உறுப்பினர்கள் வீடியோப் பயிற்சி பெற்றார்கள். காய்கறி விற்கும் பெண்கள் அவர்களில் இருந்தார்கள். கேமரா விலை உயர்ந்த காலத்திலேயே நடந்தவை இவை. இன்று கருவி எல்லோர் சட்டைப் பையிலும் இருப்பதால் மட்டும் ஒன்றும் தானாக நடந்துவிடாது என்பதை, வந்த படங்களில் பாதிக்கு மேற்பட்டவை எங்களுக்கு நன்றாகவே உணர்த்தின.

அந்தப் பாதியைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியாக வேண்டும். டிரோன் மேலே எழுந்து ஓடுகளைச் சுற்றி வருகிறது, வீணை அழுகிறது, கனத்த குரல் ஒன்று 'ஒரு காலத்தில்...' என்று தொடங்குகிறது, இறுதியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நமக்கு ஓர் அறிவுரை. இவை சுற்றுலா விளம்பரங்களாகப் பயன்படும். விளம்பரம் எடுப்பது குற்றமுமன்று. ஆனால் சமூகக் குறும்பட விழா அதற்குப் பரிசு தர முடியாது.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர்களைப் பற்றிய படத்துக்கு வருகிறேன். அந்தக் கல்லைத் தெரியாதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். பலர் அதன் மேல்தான் பிறந்து தவழ்ந்திருப்பீர்கள். செய்முறையும் தெரிந்ததே: கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த கலவையைத் தூவி, மேலே ஈரக் கலவையை வைத்துக் கரண்டியால் நிரவி, இறுகிய பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். பூ இருக்கும் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கீழே கிடக்கிறது. வேலை செய்பவர் தம் கையால் ஊற்றிய பூவைத் தாமே சிமென்டால் மூடிவிட்டு, கண்ணாடி பிரியும் நாள்வரை அதன் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார். சுற்றுலாக்காரர்களின் வீடியோக்கள் எல்லாம் நிறம் ஊற்றும் அழகில் மயங்கி நின்றுவிடுகின்றன. இந்தப் படமோ தொட்டியருகே காத்திருக்கிறது. பின்னணி இசை கிடையாது. கரண்டி உரசுவது, ஈரக் கல் அடுக்கப்படுவது, வானொலியில் எங்கோ ஒரு பாட்டு, கடைசியில் கண்ணாடி விடுபடும் அந்தச் சிறிய ஓசை. கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் பளபளப்பாகிறது என்பதை எந்த வர்ணனையும் சொல்லாமலே நாம் புரிந்துகொள்கிறோம். அதன் பிறகு ஓர் அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாள் ஒன்றுக்கு எத்தனை கல் தூக்குகிறோம், அதற்கு என்ன கூலி என்று கணக்குச் சொல்கிறார். ஒலிக்காக ஒரு பரிசை நாங்கள் தனியே ஒதுக்கியது இந்தப் படத்துக்காகத்தான் என்பதை இப்போது சொன்னால் செயலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

உயரத்துக்கு அடுத்தபடியாக நாங்கள் எல்லாப் படக்காரர்களிடமும் கேட்ட கேள்வி: படத்தில் வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டார்களா? பலரும் திகைத்தார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் ஃபோகோ என்ற தீவில், மீன்பிடித்துப் பிழைக்கும் சிறு சிறு ஊர்கள். அந்த மக்களைக் கிளப்பி வேறிடத்தில் குடியமர்த்தும் எண்ணம் அரசுக்கு இருந்த 1967ஆம் ஆண்டில், அந்நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ அங்கே போய், ஒரு பெரிய ஆவணப்படத்துக்குப் பதிலாக 27 சிறிய படங்களை எடுத்தார். ஒருவரின் பேச்சை வெட்டி, எதிராளியின் பேச்சோடு மோதவிட்டுச் சுவை கூட்டும் வேலையை அவர் செய்யவில்லை. ஒரு படத்தில் ஒரு மனிதர் அல்லது ஒரு நிகழ்ச்சி, அவ்வளவே. எடுத்தவற்றை முதலில் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே வெளியே கொண்டுபோனார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்த ஊர்கள், தங்களுக்கு இருப்பது ஒரே சங்கடம் என்பதைத் திரையில் கண்டன. பிறகு படங்கள் அமைச்சர்களிடம் போயின. மீன்வளத் துறை அமைச்சரின் பதிலும் படமாகித் தீவுக்குத் திரும்பி வந்தது. மக்கள் தீவை விட்டுப் போகவில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். படம் ஒன்றே இதைச் சாதித்தது என்று சொன்னால் மிகையாகும், அங்கே முன்பிருந்தே உழைத்தவர்கள் இருந்தார்கள். ஆயினும் படம் போன பாதை கவனிக்கத்தக்கது: எடுக்கப்பட்டவரிடம் முதலில், அதிகாரத்திடம் பிறகு, பதிலோடு மறுபடி எடுக்கப்பட்டவரிடம்.

நம் இளைஞர்கள் பலருக்குக் குறும்படம் என்றால் கோடம்பாக்கத்தின் கதவைத் தட்டும் விசிட்டிங் கார்டு. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' போட்டியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் பெரிய திரைக்கு வந்ததைப் பார்த்த தலைமுறை அப்படி நினைப்பதில் வியப்பில்லை. அந்த ஆசையை நான் இகழவும் மாட்டேன். ஆனால் இந்த மண்ணில் வேறொரு முன்னோடியும் இருக்கிறார். கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர், கதைப் படம் எடுத்துப் பணம் பண்ண நினைக்காமல், காந்தியடிகளைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்காக உலகத்தைச் சுற்றினார். யார் யாரோ எந்தெந்த நாட்டிலோ பிடித்து வைத்திருந்த துண்டுகளைத் தேடித் திரட்டிய படச்சுருள் சுமார் 50,000 அடி. 1940இல் தமிழ் வர்ணனையோடு படம் வெளிவந்தது, வெள்ளையர் ஆட்சியில், போர் நடந்துகொண்டிருந்தபோது. ஸ்டுடியோ முதலாளியின் தயவில்லாமல் எடுக்கப்படும் படத்துக்கு இன்று சுயாதீனப் படம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதைக் கோட்டையூர்க்காரர் ஒருவர் அப்போதே செய்து முடித்துவிட்டார்.

கோட்டையூர் என்றதும் ரோஜா முத்தையாவின் பெயரும் வந்துவிடுகிறது. பழைய புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என ஒதுக்கியதையெல்லாம் அவர் சேர்த்து வைத்தார். அவர் காலத்துக்குப் பின் அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இந்த விழாவுக்கு வந்த படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், எடுத்தவரின் கைபேசியில் என்கிறார்கள். கைபேசி உடைந்தால் படமும் போயிற்று. ஆகவே பரிசு பெறாத படங்களுக்கும் சேர்த்தே, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகளை விழாக் குழு வாங்கி, எடுத்தவர் பெயர், ஊர், தேதி, படத்தில் பேசியவர்களின் சம்மதம் ஆகியவற்றோடு தனித்தனி இடங்களில் வைக்க வேண்டும் என்று நடுவர் குழு எழுதிக் கொடுத்திருக்கிறது. பரிசுத் தொகையைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள் என்பது என் சொந்தக் கருத்து. மற்ற நடுவர்கள் அதற்குப் பொறுப்பல்லர்.

படங்களை ஊர்களுக்குக் கொண்டுபோவது பற்றியும் முடிவாகியிருக்கிறது. ஊருணிக் கரையோ, பள்ளித் திடலோ, இடம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கல் பட்டறைகளில் வேலை முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் அந்தப் பெண்கள் வர முடியும் என்பதால் எட்டு மணிக்கு முன்னால் தொடங்க வேண்டாம். படத்துக்கு முன் வரவேற்புரையும் பொன்னாடையும் வேண்டாம். படத்தில் கூலிக் கணக்குச் சொன்ன அந்த அம்மா, 'எங்க முதலாளியும் பார்க்க வருவாரா?' என்று எடுத்தவரிடம் கேட்டாராம். அழைப்பு போயிருக்கிறது. அவர் வந்து பார்த்துவிட்டுத் தம் தரப்பில் ஏதேனும் சொல்ல விரும்பினால், அதையும் அதே தோளுயரத்தில் எடுத்து, அதே திடலில், அதே பெண்களுக்குப் போட்டுக் காட்டும் பொறுப்பைப் பரிசு பெறும் அந்த இளைஞர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். பெயர்களை அறிவிக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.