நுளம்பின் வயிற்றில் வைரஸ் தேடுகிறவர்கள்: மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து ஒரு விளக்கம்

[காட்சி: வாவிக் கரை, காலை. மணலில் கிடக்கும் பழைய வள்ளம். உள்ளே தேங்கிய தண்ணீர்.]

வணக்கம். இந்த வள்ளத்தைப் பாருங்கள். தொழிலுக்குப் போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். அடியில் ஒரு சாண் தண்ணீர் நிற்கிறது. மழைத் தண்ணீரோடு வாவித் தண்ணீரும் கலந்து உவர்ப்பாக இருக்கும். டெங்கு நுளம்பு தெளிந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இதைக் கண்டும் காணாமல் போய்விடுவார்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

[காட்சி: நீண்ட பிடி வைத்த வெள்ளை அகப்பை தண்ணீரை மொள்கிறது. நெளியும் குடம்பிகள், மிக நெருக்கத்தில்.]

மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கரையோரமாகத் தேடிப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. கைவிட்ட வள்ளம், பாவிக்காத கிணறு, எறிந்த பிளாஸ்டிக் கோப்பை என்று உவர்நீர் தேங்கிய இடங்களில் டெங்கு பரப்பும் இரண்டு வகை நுளம்பின் குடம்பிகளும் அகப்பட்டன. லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள தண்ணீரிலும் இருந்தன. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம். அரைக்கடலுக்குக் கொஞ்சம்தான் குறைவு! வீட்டுப் பூச்சாடியையும் தண்ணீர்த் தொட்டியையும் மட்டும் பார்த்துத் திரும்புகிற கண்காணிப்பு, வாவியைச் சுற்றி வாழும் ஊரில் பாதியைத்தான் பார்க்கிறது என்பது என் எண்ணம்.

சரி, அந்த இரண்டு வகையும் யார்?

[காட்சி: இரண்டு நுளம்புகளின் முதுகு, பெரிதாக்கிய படம்.]

முதலாவது ஈடிஸ் எஜிப்டை. ஆபிரிக்காவில் பிறந்து கப்பலேறி உலகம் சுற்றிய வந்தேறி. முதுகில் வெள்ளிக் கோடுகள் யாழின் வடிவில் வளைந்திருக்கும். யாழை ஆராய்ந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவிலும் இந்த யாழ் பறக்கிறது, என்ன செய்ய. மற்றது ஈடிஸ் அல்போபிக்டஸ். நெற்றியில் நாமம் இழுத்ததுபோல முதுகு நடுவே ஒரே வெள்ளைக் கோடு. இது ஆசியக் காட்டுக்காரன், நமக்குப் பழைய ஆள். ஐரோப்பாவுக்கோ அதுதான் வந்தேறி. பழைய டயர்களில் முட்டையாக ஒட்டிக்கொண்டு கப்பலில் போய்ச் சேர்ந்தது. 2007இல் இத்தாலியில் சிக்குன்குன்யா பரவியதும் இதனால்தான்.

சிக்குன்குன்யா நம் பக்கத்துக்கும் புதிதில்லை. நாற்பது வருடம் போல அடங்கிக் கிடந்து, 2006 கடைசியில் மட்டக்களப்பு, கல்முனை உட்படப் பல ஊர்களில் திரும்பவும் வந்தது. மூட்டு மூட்டாகப் பிடித்து, கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தவர்களுக்கு அது மறந்திருக்காது.

[காட்சி: கறுப்புக் கோப்பை, பாதி தண்ணீர், உள்ளே ஒரு பலகைத் துண்டு.]

இனி வலை விரிப்போம். இதுதான் முட்டைப் பொறி. கறுப்பு நிறமும் ஈரப் பலகையும் தாய் நுளம்புக்குப் பிடிக்கும். வைத்து ஒரு கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும். மறந்துபோனால் நாமே நுளம்புப் பண்ணை நடத்தியதாகிவிடும்! நூறு பொறி வைத்து முப்பதில் முட்டை இருந்தால் சுட்டெண் 30. அது நுளம்பு எங்கே, எவ்வளவு என்பதைச் சொல்லும். வைரஸ் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

அதற்கு வளர்ந்த நுளம்பு வேண்டும், முக்கியமாகப் பெண். மனித வாசனையைப் போலி செய்யும் பொறிகள் இருக்கின்றன. மின்கலத்தில் ஓடும் உறிஞ்சு குழாயால் அலுமாரிக்குப் பின்னாலும், தொங்கும் சட்டைகளுக்கு நடுவிலும் தேடிப் பிடிக்கலாம். பிடித்ததும் உடனே குளிரில் போட வேண்டும். டெங்கு வைரஸின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ.; செத்த நுளம்பு நம் ஊர் வெயிலில் கிடந்தால் அது சிதைந்துவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல ஆய்வுகூடம் இருந்தும் பலனில்லை.

[காட்சி: சின்னக் குழாய்களில் இனம் பிரித்த நுளம்புகள்.]

ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக் கட்டுப்படியாகாது. ஒரே இனம், ஒரே பால், ஒரே இடம் பார்த்து இருபத்தைந்து, ஐம்பது என்று சேர்த்து ஒரே குழாயில் அரைப்பார்கள். பிறகு பி.சி.ஆர். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்களே, அதே வித்தைதான். டெங்குவில் நாலு வகை உண்டு, அதில் எது என்றும் தெரிந்துவிடும். ஒரு வகை வந்து போனவரை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், வகை மாறுகிறதா என்பது பெரிய செய்தி. நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோரைப் படுக்கையில் போட்ட 2017இல் மேலோங்கியிருந்தது இரண்டாம் வகை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நோய் பரவும் காலத்திலும் ஆயிரம் நுளம்பில் ஒரு சிலவற்றில்தான் வைரஸ் இருக்கும். ஆகவே பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்றால் ஊரில் வைரஸ் இல்லை என்று அர்த்தமில்லை. நோயாளியின் இரத்தத்தைக் குடித்த நுளம்பு மறுநாளே பரப்பவும் மாட்டாது. வயிற்றிலிருந்து வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஏறிவர 8 முதல் 12 நாள் பிடிக்கும். வயிற்றில் இருப்பது வேறு, வாய்க்கு வந்து சேர்ந்தது வேறு. அதனால் சில ஆய்வாளர்கள் நுளம்பின் கால்களை மட்டும் கழற்றித் தனியாகப் பரிசோதிப்பார்கள். காலில் வைரஸ் இருந்தால் அது வயிற்றைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

[காட்சி: மறுபடி வள்ளம். குடம்பிகளைப் போத்தலில் ஊற்றும் கை.]

ஆண் நுளம்பு கடிக்காது, பூந்தேன் குடித்துக்கொண்டு திரியும். அப்படியும் சில வேளை ஆணில் வைரஸ் அகப்படுகிறது. எப்படி? தாயிடமிருந்து முட்டை வழியாக வந்திருக்க வேண்டும். இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடந்து, ஐப்பசி மழை பட்டதும் பொரிக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அதனால்தான் இந்தக் குடம்பிகளை இங்கேயே ஊற்றிவிடாமல், வளர்த்து நுளம்பாக்கிப் பரிசோதிக்கக் கொண்டுபோகிறார்கள். போத்தலில் ஒட்டும் துண்டில் இடம், திகதி, கொள்கலன் வகை எழுதியாயிற்று. கடைசி வரி காலியாக இருக்கிறது. உப்பு மானியைத் தண்ணீரில் விட்டு, அந்த எண்ணையும் எழுதுகிறார்கள்.